கடலுக்குப் போகும் ஏழாம் நம்பர்

வேடபாளையத்துக்குக் கடல் வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸின் மூன்றாவது நடையில். அதற்கு முன்னால் அந்த ஊரில் விசைத்தறி இருந்தது, சாயப்பட்டறை இருந்தது, வாரச்சந்தையும் இரண்டு கல்யாண மண்டபமும் இருந்தன, கடல் மட்டும் இல்லை. எந்தத் திசையில் போனாலும் ஆறு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து முதுகு கழன்ற பிறகுதான் கடல் என்பதால் ஊரில் பாதிப்பேர் அதைப் பார்க்காமலே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து, அதைப்பற்றி ஒரு குறையும் இல்லாமல் இருந்தார்கள்.

அந்த ஏழாம் நம்பருக்குக் கண்டக்டர் கோகிலவாணி. முப்பத்தாறு வயது, உரத்த குரல், தோளில் தோல் பை, கையில் டிக்கெட் அடிக்கும் கருவி. பேருந்து நிலையத்தில் கிளம்பிப் பதினெட்டு நிறுத்தங்களில் நின்று மாட்டுச்சந்தையில் முடிவது அந்த வண்டியின் வழி. மாட்டுச்சந்தைக்கு அப்பால் தார்ச்சாலை ஒரு மண்மேட்டில் போய் முட்டி நின்றுவிடும், மேட்டுக்குப் பின்னால் சோளக்காடு, அதற்குப் பின்னால் இன்னொரு சோளக்காடு. கோகிலவாணிக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான், அது அந்தக் கருவி. கூட்டம் நெரியும் நேரம் பார்த்து ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் உறைந்துபோய் நிற்கும், தட்டினால் கூவும், அணைத்துப் போட்டால் எழுந்திருக்க ஆறு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். எழுந்தாலும் புள்ளி வைக்கத் தெரியாமல் மாட்டுச்சந்தையை 'மாடடுசசநதை' என்று அடித்துக் கொடுக்கும், அதைப் படித்துக்காட்டிச் சிரிப்பதற்கென்றே பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்படிக்கட்டில் ஏறும்.

மற்ற வண்டிகளுக்கெல்லாம் புது மாடல் கருவி வந்துவிட்டது, ஏழாம் நம்பருக்கு மட்டும் வரவில்லை. அதனால் அவள் வாரம் தவறாமல் பணிமனையின் மூலையில் இருக்கும் கருவி அறைக்குப் போய் நூருன்னிசாவிடம் சண்டை போடுவாள். நூருன்னிசா அந்த அறையின் ஒரே ஊழியர். கருவிகளுக்குச் சார்ஜ் போடுவதும், காகிதச் சுருள் மாட்டுவதும், பழுது பார்ப்பதும் அவள் வேலை. வேலை முடிந்தபின் பழைய கருவிகளைக் கழற்றி, அவற்றுக்குள் யார் யாரோ எந்தெந்த தேசத்திலோ எழுதி இலவசமாக விட்டிருக்கும் இயங்குதளங்களை ஏற்றிப் பார்ப்பது அவளுடைய ஆசை.

"அக்கா, கருவி மேல தப்பில்ல. உள்ள இருக்கிற சிஸ்டம் சோம்பேறி. நான் வேற ஒண்ணு இந்த கார்டுல வச்சிருக்கேன், போட்டுப் பாக்கிறீங்களா?" என்று கேட்டாள் நூருன்னிசா, நகத்தளவு மெமரி கார்டு ஒன்றை உள்ளங்கையில் காட்டி.

"போட்டா உள்ள இருக்கிறது அழிஞ்சுருமா? அப்புறம் எனக்கு மெமோ குடுத்துருவாங்க கண்ணு."

"அழியாதுக்கா. ஏழாம் நம்பரையும் 'கட்' பட்டனையும் சேத்து அமுக்கிட்டு ஆன் பண்ணுனா, அது நம்மளைக் கேக்கும், பாருங்க."

கருவியின் சின்னத் திரையில், நூருன்னிசாவே தமிழில் எழுதிவைத்த கேள்வி வந்தது, எல்லாப் புள்ளிகளோடும். 'எங்கிருந்து எழட்டும்?' கீழே நான்கு வழிகள்: உள்ளிருந்து, அட்டையிலிருந்து, கம்பியிலிருந்து, காற்றிலிருந்து. கோகிலவாணி இரண்டாவதை அமுக்கினாள். நான்கு நொடியில் கருவி எழுந்துகொண்டது. காலையில் தன்னை யாரும் இப்படி ஒரு வார்த்தை கேட்டு எழுப்பியதில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. சுற்றுப்பட்டில் நாக்குக்குப் பேர்போன சாந்தாமணி அம்மாள், மரவள்ளிக்கிழங்கு வாங்கச் சந்தைக்குப் போக ஏறினார். கோகிலவாணி பழக்கத்தில் பட்டியலின் கடைசிக்குப் போய் அமுக்கினாள். வழக்கமாகக் கடைசி என்பது மாட்டுச்சந்தை, பதினெட்டு. இன்றைக்குப் பதினெட்டுக்குக் கீழே பத்தொன்பது என்று ஒன்று இருந்திருக்கிறது. பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டு கரகரவென்று வெளியே வந்தது. அதில் நிறுத்தத்தின் பெயர் 'கடல்' என்றிருந்தது.

"ஏனம்மிணி, இதென்ன கடல்னு போட்டிருக்குது?" என்றார் சாந்தாமணி.

"தெரியலீங்கம்மா. அடிச்ச சீட்ட ரத்து பண்ண வழியில்லீங்க." கோகிலவாணி டிரைவர் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "மயிலண்ணா, கடல் ஒரு டிக்கெட்டு இருக்குதுங்!"

மயில்சாமி இருபத்திரண்டு வருஷமாக ஒரே சாலையில் ஓட்டுகிறவர், கேட்ட இடத்தில் நிறுத்துவதைத் தவிர உலகத்தில் வேறு கொள்கை எதுவும் வைத்துக்கொள்ளாதவர். "ஒரே ஆளுதானா? சரி, எறக்கி உட்டுட்டு வந்தர்லாம்," என்றார்.

மாட்டுச்சந்தையில் மற்றவர்கள் இறங்கினார்கள். மண்மேடு இருந்த இடத்தில் சாலை வளைந்து கீழே இறங்கியது, அவர் கியரை மாற்றி அதன் போக்கில் விட்டார். சோளக்காடு பனங்காடாயிற்று, பனங்காடு மணலாயிற்று, பன்னிரண்டு நிமிஷத்தில் சாலை ஓரிடத்தில் தண்ணீருக்குள் போய் முடிந்தது, அந்தத் தண்ணீருக்கு மறுகரை இல்லை. ஓரமாக நாலைந்து வள்ளங்கள் கிடந்தன, ஒரு மாதா கோயில் இருந்தது, கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏ மக்கா, நம்மூருக்கு டவுன் பஸ் உட்டுட்டான்டி!" என்று சொன்னார்கள்.

சாந்தாமணி இறங்கினார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்த அலையை ஏற இறங்கப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. பேருந்து நிலையத்தில் இறங்கும்போதுதான், "நல்லாத்தான் இருக்குது. என்ன, சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார். அன்று அவர் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வேகவில்லை.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி: முதல் மூன்று நாள் யாரும் நம்பவில்லை, நான்காம் நாள் பஸ் கொள்ளவில்லை, இரண்டாம் வாரம் நேரத்துக்கு வருவதில்லை என்று குறை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தறிக்காரர்கள் மதியச் சோற்றைத் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு போய் அலையில் கால் வைத்தபடி தின்றுவிட்டு இரண்டு மணி ஷிப்டுக்குத் திரும்பினார்கள், அந்த வாரம் நெய்த துண்டுகளிலெல்லாம் பிழிந்தால் உப்பு வந்தது. வளைகாப்பு ஒன்று மணலில் நடந்தது. பேருந்து நிலையத்தில் ஏழாம் நம்பர் வந்து நின்றதும் எங்கிருந்தெல்லாமோ ஆடுகள் ஓடிவந்து அதன் தகரத்தை நக்கின, ஒரே மாதத்தில் போக்குவரத்துக் கழகத்திலேயே பளபளப்பான வண்டி அதுதான் என்று சுத்தத்துக்கான சுழற்கோப்பையை மயில்சாமி வாங்கிக்கொண்டு வந்தார். அலை ஏறும் நேரமும் பஸ் நேரமும் ஒத்துப்போகவில்லை, இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும் என்று வியாபாரிகள் சங்கத்தினர் மனு எழுதி, எதை மாற்றுவதென்பதை மேலாளரின் முடிவுக்கே விட்டுவிட்டார்கள்.

அந்தக் கரைக்குச் செவ்வந்தித்துறை என்று பெயர். போனில் தேடினால் வரைபடத்தில் அப்படி ஊரே இல்லை. செவ்வந்தித்துறைக்காரர்கள் தங்கள் போனில் வேடபாளையத்தைத் தேடினார்கள், அதுவும் இல்லை. வரைபடம் போடுகிறவனும் மனுஷன்தானே, ஒன்றிரண்டு விட்டுப்போகும் என்று இரண்டு பக்கமும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். பேச்சில்தான் கொஞ்சம் சிக்கல் வந்தது. "என்னக்கா, மீனு கேக்கதுக்கும் 'ங்க' போடுதிய, முள்ளு கேக்கதுக்கும் 'ங்க' போடுதிய, நக்கலா?" என்று கேட்டாள் அமலோற்பவம். முதன்முதலாகக் கூடையோடு பஸ் ஏறி வேடபாளையத்துக்கு வந்து வீதி வீதியாகச் சீலாவும் நெத்திலியும் விற்றவள் அவள்தான், எட்டு மாதப் பெண்குழந்தைக்குத் தாய். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு எட்டரை வண்டிக்கு வந்தால், பதினொன்றரை வண்டிக்குத் திரும்பிப்போய்ப் பால் கொடுத்துவிடுவாள்.

சாந்தாமணியும் அவளிடம் மீன் வாங்குவார். ஆனால் வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து, சட்டியை நீட்டி, கை படாமல் வாங்குவார். அமலோற்பவமும் அதைக் கவனிக்காதவள்போல வீசும் கையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொள்வாள்.

கிளை மேலாளர் ஈஸ்வரமூர்த்தி மட்டும் ஒன்றரை மாதம் கடலைப் பார்க்கப் போகவில்லை. போனால் ஒப்புக்கொண்டதாகிவிடும், ஒப்புக்கொண்டால் மேலே எழுத வேண்டும், மேலே எழுதினால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வண்டியின் மீட்டரில் ஒரு நடைக்குப் பதினொரு கிலோமீட்டர்தான் ஏறியிருந்தது, பழைய அதே பதினொன்று. "மீட்டர் சொல்றதுதானுங்களே கிலோமீட்டர்," என்று கோகிலவாணி சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் நிம்மதியாக இருந்தார். ஆனால் அவர் மனைவி மூன்று தடவை போய்வந்து, வீட்டு ஜன்னலிலெல்லாம் சிப்பி தொங்கவிட்டபிறகு அவராலும் தாங்கமுடியவில்லை. ஒரு வியாழக்கிழமை, ஆய்வு என்று பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டு, பத்தரை மணி நடையில் ஏறி, இறங்கினவுடனே காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடினார். ஓடியவரைப் பார்த்துக் கோகிலவாணி சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

அன்று அலை பெரிது. திரும்பும் பயணிகளுக்குப் படிக்கட்டில் நின்று சீட்டு அடித்துக்கொண்டிருந்தாள் அவள். ஒரு அலை படியேறி, டிக்கெட் எடுக்காத ஆள்போல உள்ளே நுழைந்து, அவள் இடுப்பு வரை வந்து, கருவியையும் நனைத்துவிட்டு இறங்கிப்போயிற்று. திரை அணைந்தது. முந்தானையால் துடைத்து, ஏழையும் 'கட்'டையும் சேர்த்து அமுக்கினாள். 'எங்கிருந்து எழட்டும்?' என்று கேட்டது. அட்டை என்றாள். 'அட்டை இல்லை' என்றது. வேறு வழியில்லாமல் உள்ளிருந்து என்றாள். ஆறு நிமிஷம் கழித்து, புள்ளி இல்லாத பழைய பட்டியலோடு அது முனகிக்கொண்டே எழுந்தது. 'பேருநது நிலையம' அதில் இருந்ததால் வண்டி ஊர் திரும்புவதில் ஒரு சிரமமும் இல்லை. கரையில் விளையாடிக்கொண்டிருந்த நாற்பத்தொரு பேரிடம் அடுத்த நடையில் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர்களில் ஈஸ்வரமூர்த்தி இருந்தார், சாந்தாமணியின் மருமகள் கீர்த்தனா இருந்தாள், நான்கு மாதக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஒரே ஒரு மணி நேரம் என்று கெஞ்சி வந்தவள்.

அடுத்த நடை மாட்டுச்சந்தையோடு நின்றது. பட்டியலில் பத்தொன்பது இல்லை. மயில்சாமி சீட்டு இல்லாவிட்டாலும் போய்த்தான் பார்ப்போமே என்று வண்டியை விட்டார். மண்மேடு இருந்தது. கீழே இறங்கி அதைக் கையால் தொட்டுப் பார்த்தார், வெயிலில் காய்ந்த அதே பழைய மண். பின்னால் சோளத்தட்டை காற்றில் சலசலத்தது. காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அமலோற்பவம், "எங்கூர எங்கக்கா கொண்டுபோய் வச்சிய?" என்று கேட்டாள்.

பன்னிரண்டரை மணிக்குக் கருவி அறையில் நூருன்னிசா கருவியைப் பிரித்துப்போட்டாள். கார்டு நுழையும் வாயில் உப்புப் பூத்திருந்தது. வேறு கார்டு போட்டாள், அதையும் இல்லை என்றது. புது மாடல்களில் போட்டுப் பார்க்கலாம் என்றால் அவற்றில் கார்டுக்கு வாயே கிடையாது. "ஒரு வழி அடைஞ்சா இன்னொண்ணு இருக்குக்கா, அழாதீங்க," என்றாள், அவளுக்குத்தான் கண் நிறைந்திருந்தது. "கம்பி இருக்கு. சிஸ்டம் என் லேப்டாப்புல இருக்கும், கேபிள் வழியா கருவி எந்திரிக்கும். ஆனா கேபிளப் புடுங்குனா செத்துரும்."

அப்படியே செய்தார்கள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நூருன்னிசா கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தாள், கேபிளின் இந்த முனையை அவள் பிடித்தாள், கருவியின் முனையைக் கோகிலவாணி பிடித்தாள், நடுவில் தொங்கிய பாகத்தைப் பயணிகள் ஆளுக்கொரு விரலால் தாங்கினார்கள். கருவி எழுந்தது. பத்தொன்பது வந்தது. பஸ்ஸே கைதட்டியது. தபாலாபீஸ் எதிரில் வேகத்தடை வந்தது. மயில்சாமி கண்ணாடி வளையல் கூடைமேல் வண்டி ஓட்டுவதுபோல அதில் ஏற்றினார், இறக்கும்போது ஒரு சின்னக் குலுங்கல், கேபிள் கழன்றது, திரை அணைந்தது. மறுபடி எழுப்பினார்கள், காளியம்மன் கோயில் எதிரில் கழன்றது. மூன்றாவது தடவை சந்தையைத் தாண்டிச் சாலை வளையவே தொடங்கிவிட்டது, பனைமரத்தின் தலை தெரிந்தது, அப்போது ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்து கருவிக்குள் கேபிள் செருகும் ஊசி ஒடிந்தது. பனைமரம் சோளத்துக்குள் போயிற்று.

பணிமனைக்குத் திரும்பியபோது மணி இரண்டு. சேதி கேட்டு அங்கே ஊரே கூடியிருந்தது. கூட்டத்தின் நடுவில் சாந்தாமணி, கையில் பேரன். காலையிலிருந்து புட்டிப்பாலைத் துப்பித் துப்பி, அழுது அழுது, குரல் கம்மிப்போய்ப் பூனைக்குட்டிபோல முனகிக்கொண்டிருந்தான். அமலோற்பவம் ஓரமாக டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, முந்தானையை மார்போடு அழுத்திப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை முனகும்போதெல்லாம் அவள் தோள் நடுங்கியது.

"இப்பிடிக் குடுங்க அத்த அந்தப் புள்ளைய," என்றாள்.

சாந்தாமணி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் வீட்டு வாசல் கேட்டு ஒருமுறை மூடியது, ஊர் என்ன சொல்லும் என்பது வந்து போயிற்று, மாமனார் வீட்டார் என்ன சொல்லுவார்கள் என்பது போயிற்று, செத்துப்போன புருஷன் என்ன சொல்லியிருப்பார் என்பதுகூடப் போயிற்று. பேரன் இன்னொரு முறை முனகினான். அவ்வளவு நேரம்தான்.

"இந்தா சாமி. தலையப் பாத்துப் புடி," என்று கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தன் புடவைத் தலைப்பை விரித்து இருவரையும் மறைத்தபடி, பணிமனை முழுக்கப் பார்க்க, நிமிர்ந்து நின்றார். உள்ளே குழந்தை மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் மூன்று பஸ் தள்ளி நின்றவருக்குக்கூடக் கேட்டது.

"இன்னும் ஒரு வழி இருக்குதல்ல கண்ணு?" என்றாள் கோகிலவாணி மெல்ல. "காத்துன்னு ஒண்ணு போட்டிருந்தியே."

நூருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காற்றிலிருந்து எழுவதை அவள் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. கருவி சின்னது, ஒரே வாயில் முழுச் சிஸ்டத்தையும் விழுங்காது, துண்டு துண்டாகத்தான் வாங்கும், முப்பத்துநாலு துண்டு. ஒரு போன் ஒரு துண்டுக்குமேல் தரமாட்டேன் என்கிறது, ஏன் என்று அவளுக்கே புரியவில்லை. ஆக முப்பத்துநாலு போன் வேண்டும், முப்பத்துநாலும் கருவிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

"பக்கத்துலன்னா?"

"பஸ்ஸுக்குள்ளக்கா. ஆளோட."

கோகிலவாணி ஒரு டயர்மேல் ஏறி நின்றாள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தின் கூட்டத்தைப் பத்து வருஷமாக அடக்கி ஆண்ட அந்தக் குரல் பணிமனையின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. "போன் வச்சிருக்கறவங்க எல்லாம் ஏழாம் நம்பர்ல ஏறுங்க! டச் போனா இருக்கோணும், சார்ஜ் இருக்கோணும், பாதியில எறங்கறேன்னு சொல்லக்கூடாது! உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க!"

ஏறினார்கள். தறிக்காரர்கள் ஏறினார்கள், ஏட்டு ஒருவர் ஏறினார், பூக்காரம்மாள் கட்டாத பூவோடு ஏறினார். பொதுச்சுவர் தகராறில் பதினொரு வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இரண்டு பேர் முன்வாசல் வழியாக ஒருவரும் பின்வாசல் வழியாக ஒருவருமாக ஏறினார்கள். நூருன்னிசா ஒவ்வொரு போனிலும் ஒரு துண்டு ஏற்றிக்கொண்டே வந்தாள். பதினாறாம் துண்டும் பதினேழாம் துண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு கருவியை எழவிடாமல் அடம்பிடித்தன. யாரிடம் என்று பார்த்தால் அண்ணனிடம் ஒன்று, தம்பியிடம் ஒன்று. "ரெண்டு பேரும் ஒரே சீட்டுல உக்காருங்க!" என்று கோகிலவாணி அதட்டினாள். உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்க்க முடியாததால் ஒரே ஜன்னலைப் பார்த்தார்கள். அமலோற்பவம் ஏறினாள், தூங்கிய பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு சாந்தாமணி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முப்பத்துநாலாவது துண்டு சாந்தாமணியின் போனில் ஏறியது.

காற்றிலிருந்து என்று அமுக்கினாள் கோகிலவாணி. திரையில் ஒரு புள்ளி வந்தது, ஏட்டின் போன் அதிர்ந்தது. இன்னொரு புள்ளி, பூக்காரம்மாளின் போன். இப்படியே ஒவ்வொன்றாக வண்டியின் முன்னிருந்து பின்னாக, பின்னிருந்து முன்னாக, சீட்டுக்குச் சீட்டு போன்கள் சிணுங்கச் சிணுங்க, ஒருவருக்கொருவர் "வந்துருச்சு, வந்துருச்சு" என்று சொல்லிக்கொள்ள, முப்பத்துநாலு பேரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு அந்தச் சின்னக் கருவி எழுந்து நின்றது. பட்டியலின் கடைசியில் பத்தொன்பது. அவள் அமுக்கினாள். அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். சீட்டுகள் நாடாவாக நீண்டு அவள் முழங்காலைத் தொட்டன.

"போலாம் ரைட்!"

வேகத்தடைகளில் எல்லோரும் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சந்தையைத் தாண்டியதும் சாலை வளைந்தது, வளைந்து இறங்கியது, பனைகள் இரண்டு பக்கமும் எழுந்தன. பின்சீட்டில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள், அது பஸ் முழுக்கப் பரவி, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு இரைச்சலோடு ஏழாம் நம்பர் மணலில் போய் நின்றது.

கரையில் மாட்டிக்கொண்ட நாற்பத்தொரு பேரில் நாற்பது பேருக்குத் தாங்கள் மாட்டிக்கொண்டதே தெரியவில்லை. மாதா கோயில் நிழலில் பந்தி நடந்துகொண்டிருந்தது, மீன் குழம்பு இரண்டாம் கரண்டி ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் ஈஸ்வரமூர்த்தி தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு வள்ளத்தில் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார், கூப்பிட்டதற்குக் கையை ஆட்டினார், அது வருகிறேன் என்றா வரமாட்டேன் என்றா தெரியவில்லை. அமலோற்பவம் வண்டி நிற்பதற்குள் குதித்து வீட்டுக்கு ஓடினாள். அவள் மகள் நொய்க்கஞ்சி குடித்துவிட்டு, வயிறு முட்ட, வலைக்குவியல்மேல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பியதற்கு அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "எடி கள்ளி," என்று அமலோற்பவம் அவளை அள்ளிக்கொண்டு, அங்கேயே மணலில் உட்கார்ந்து, காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை முழுவதையும் அழுதாள்.

நாற்பத்தொன்றாவது ஆள் கீர்த்தனா. கவிழ்த்துவைத்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில், கட்டிய பாலை மணலில் பீய்ச்சிவிட்டுக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் எழுந்தாள், பையனைப் பறித்து வாங்கினாள், முகத்தைத் தடவினாள், வயிற்றைத் தடவினாள். வயிறு நிறைந்திருந்தது. அவளுக்கு அது புரியவில்லை.

"அழுதானுங்களா அத்தை? புட்டிப்பால் குடிச்சானுங்களா?"

சாந்தாமணி வாயைத் திறக்குமுன், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே வந்து நின்ற அமலோற்பவம் சொன்னாள். "அழுதாம்மா. இப்ப எம் புள்ளையும்தான் அவன்."

கீர்த்தனா மாமியாரைப் பார்த்தாள். சாந்தாமணி கடலைப் பார்த்தபடி, "ஆமா. என்ன பாக்கற? நாந்தான் குடுத்தேன்," என்றார். பிறகு கொஞ்சம் கழித்து, "அவ கை நல்ல கை," என்றார். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப்பற்றி யாரும் எதுவும் பேசியதில்லை. மறுநாளிலிருந்து அமலோற்பவம் கூடையை நேராக அவர்கள் சமையல்கட்டில் இறக்கினாள். தெருவில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், சாந்தாமணியின் நாக்குக்குப் பயந்து அதைத் தங்கள் வீட்டுக்குள் போய்ச் சுளித்துக்கொண்டார்கள்.

மேலாளரை ஐந்தரை மணிக்கு வலை போட்டு இழுக்காத குறையாகக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அன்றைய பதிவேட்டில் 'தாமதத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் அவர் 'அலை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். மேலிடத்திலிருந்து அதற்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

கருவிக்குக் கார்டு வாயும் போயிற்று, கேபிள் ஊசியும் போயிற்று, இனி அது காற்றிலிருந்து மட்டும்தான் எழும். அதனால் முப்பத்துநாலு பேர் சேர்ந்தால்தான் கடல், ஒரு ஆள் குறைந்தாலும் மாட்டுச்சந்தை. காலிப் பஸ் கடலுக்குப் போவதென்பதே இல்லாமல் போயிற்று. துண்டுகள் ஆள் பார்த்து அடம்பிடிப்பதும் நிற்கவில்லை. சம்பந்தி வீட்டோடு மனஸ்தாபம் உள்ளவர்கள், சீட்டாட்டத்தில் சண்டை போட்டவர்கள், தேர்தலில் எதிரெதிர் கொடி பிடித்தவர்கள் எல்லாம் கருவி சொன்ன இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது, சுவர்த் தகராறு அண்ணன் தம்பி இப்போது சுவரைப்பற்றிக் கத்திக் கத்திப் பேசிக்கொள்கிறார்கள்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, மழை மூட்டம், கூட்டம் இல்லை. கோகிலவாணி எண்ணிப் பார்த்தாள், முப்பத்துமூன்று. வண்டி கிளம்ப இரண்டு நிமிஷம். படிக்கட்டில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"கடலுக்கு ஒரு ஆள்! ஒரே ஒரு ஆள்!"

எதிர்ப்புறம் பல் ஆஸ்பத்திரியின் படியில், வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் தாங்கிக்கொண்டு, டோக்கன் நம்பரைக் கூப்பிடக் காத்து உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் நிமிர்ந்தார். உள்ளிருந்து ஏதோ எந்திரம் கிர்ரென்று சுற்றும் சத்தம் வந்தது. அவர் கதவைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து முப்பத்துமூன்று பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"போன் இருக்குதுங்களா?" என்று கத்தினாள் கோகிலவாணி.

அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டியபடி, தேங்கிய தண்ணீரைத் தாண்டி, ஆடுகளை விலக்கிக்கொண்டு, ஓட ஆரம்பித்தார்.